நீர் விளையாட்டுகளில் ஜிபிஎஸ் கருவி உறைதல்

நீர் விளையாட்டுகளில் ஜிபிஎஸ் கருவி உறைதல் என்பது கயாக், பாய்மரப் படகு, அலைச்சறுக்கு போன்றவற்றில் பயன்படும் கையடக்கப் புவியிடங்காட்டி அல்லது ஜிபிஎஸ் கைக்கடிகாரம் பயணத்தின் நடுவே அசையாமல் நின்றுவிடுவதைக் குறிக்கும். கரை தெரியாத இடத்தில் இது ஆபத்தானது. திரை பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்க, படகு நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டிருக்கும். மணிக்கு 2 கடல் மைல் வேகமுள்ள நீரோட்டம் அரை மணி நேரத்தில் படகை ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர், இழுத்துச் சென்றுவிடும்.

வகைகள்

கருவி நின்றுவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வெவ்வேறு பழுதுகள் அடங்கும். திரையில் நொடிகள் ஓடுகின்றனவா என்று பார்ப்பதே இவற்றைப் பிரித்தறியும் எளிய வழி.

- சமிக்ஞை இழப்பு: நொடிகள் ஓடும், பொத்தான்கள் இயங்கும், இடம் மட்டும் மாறாது.
- தொடுதிரைக் குழப்பம்: நொடிகள் ஓடும், இடமும் மாறும். ஆனால் தொட்டால் பதில் இராது, அல்லது பக்கங்கள் தானாகவே மாறும்.
- மென்பொருள் உறைதல்: நொடிகளும் நின்றிருக்கும், பொத்தான்களும் இயங்காது.

காரணங்கள்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் முதன்மை அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ் ஆகும். இந்த அலைகள் நீருக்குள் ஊடுருவுவதில்லை. கருவி நீரில் மூழ்கினாலோ, உடலுக்கு அடியில் மறைந்தாலோ, இடத்தைக் கணிக்கத் தேவையான நான்கு செயற்கைக்கோள்களின் தொடர்பு அறுந்துபோகும்.

பெரும்பாலான தொடுதிரைகள் விரலால் ஏற்படும் மின்தேக்க மாற்றத்தை உணர்ந்து இயங்குகின்றன. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், திரையில் தங்கும் துளிகளை அவை விரல் என்று எடுத்துக்கொள்கின்றன.

நினைவகம் நிரம்புதல், வரைபடக் கோப்பு சிதைதல், மின்கலம் வலுவிழத்தல், நேரடி வெயிலில் கருவி சூடேறுதல் ஆகியவை மென்பொருள் உறைதலுக்குக் காரணமாகலாம். நீர் உள்ளே புகுவதும் ஒரு காரணம். ஐபிஎக்ஸ்7 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கிறது. அலையின் மோதலையோ உப்பின் அரிப்பையோ அந்தச் சோதனை அளவிடுவதில்லை.

சரிசெய்யும் முறை

1. முதலில் படகை நிலைப்படுத்தி, திசைகாட்டியைக் கொண்டு செல்லும் திசையை உறுதிசெய்ய வேண்டும்.
2. சமிக்ஞை இழப்பு எனில், திறந்த வானம் தெரியும்படி கருவியை உயர்த்திப் பிடித்து ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது.
3. தொடுதிரைக் குழப்பம் எனில், திரையைத் துடைத்துப் பூட்டிவிட்டுப் பொத்தான்களைப் பயன்படுத்தலாம்.
4. மென்பொருள் உறைந்திருந்தால், மின்பொத்தானைத் தொடர்ந்து அழுத்திக் கருவியை அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். பல கருவிகளில் இதற்கு 10 முதல் 30 நொடிகள் ஆகும்.

எல்லா அமைப்புகளையும் அழிக்கும் முழு மீட்டமைப்பைக் கடலில் செய்யக்கூடாது. சேமித்து வைத்த கரைப்புள்ளிகளும் அதனுடன் அழிந்துபோகலாம்.

கரை திரும்பிய பின்

கருவியின் மூடிகளை இறுக்கி நன்னீரில் அலச வேண்டும். மின்னேற்றத் துளை முற்றிலும் உலரும் முன் மின்னேற்றினால் அதன் முனைகள் விரைவில் அரிக்கப்படும். அரிசியில் புதைத்து வைப்பதால் தூசும் மாவும் துளைக்குள் புகும். காற்றோட்டமான நிழலில் உலர்த்துவதே நல்லது. பழைய தடப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றி நினைவகத்தைக் காலியாக்குவதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும் மீண்டும் உறைவதைக் குறைக்கும்.

பாதுகாப்பு

ஜிபிஎஸ் கருவி ஒன்றை மட்டும் நம்பிக் கடலில் இறங்கக்கூடாது. நீர்புகா உறையிலிட்ட வரைபடம், திசைகாட்டி, ஊதல் ஆகியவற்றை உடன் வைத்திருக்க வேண்டும். கடல்சார் விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசை பன்னாட்டு அபாய அழைப்புக்கானது. இந்தியக் கடற்பகுதியில் கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.