மகள் காட்டுக்குப் போகிறாளா? போகட்டும்!

மகள் நான்கு வருஷம் பார்மசி படித்து முடித்துவிட்டாள். லயமே வாழ்த்தியது. பிறகு தகவல் வருகிறது: ஓராண்டுப் பயிற்சி, சரவாக் மாநிலத்தில், ராஜாங் ஆற்றங்கரையில் உள்ள காப்பிட் ஆஸ்பத்திரியில்! அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். அப்பாவோ, "யாரையாவது பிடிச்சு இங்கேயே மாத்திட முடியாதா?" என்று அலைகிறார்.

பெற்றோரின் கலக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் கொஞ்சம் யோசிப்போம்.

1972இல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பு தொடங்கியது. இன்று பல இடங்களில் படிக்கலாம். ஆனால் பட்டம் வாங்கியதுமே ஒருவர் மருந்தாளர் ஆகிவிட முடியாது. அனுபவமுள்ள மருந்தாளரின் மேற்பார்வையில் ஓராண்டு வேலை பழக வேண்டும். அதை முடித்தால்தான் முழுப் பதிவு.

அந்தப் பழக்கத்தைப் பட்டணத்திலேயே பெறக்கூடாதா? பெறலாம். ஆனால் உள்ளூரில் கற்பது வேறு. இபான் பாட்டி ஒருவர் நீண்ட வீட்டிலிருந்து படகேறி வருகிறார். மலாய் எழுத்து அவருக்குப் படிக்க வராது. 'சாப்பிட்ட பிறகு' என்று உறையில் எழுதிக் கொடுத்து என்ன பயன்? இபான் மொழியில் சாப்பிடுவதற்கு 'மாக்காய்' என்பார்கள். அந்த ஒரு சொல்லையாவது நம் பெண் கற்றாக வேண்டும். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று உறையில் படம் போட்டுக் காட்ட வேண்டும். அடுத்த படகு எப்போது என்று கேட்டு, அதுவரைக்கும் போதுமான மருந்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவருக்கு இன்சுலின் கொடுக்கிறோம். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. வீட்டில் ஐஸ் பெட்டி இல்லையென்றால்? மின்சாரம் நின்றுபோனால்? இதையெல்லாம் கேட்கத் தெரிந்தவரே நல்ல மருந்தாளர். கேட்காமல் கொடுத்த மருந்து வீணாகும். சில வேளை உயிருக்கே உலை வைக்கும்.

இது நமக்குப் புதிதா? ஒரு காலத்தில் நம் தோட்டங்களும் இப்படித்தானே ஒதுங்கிக் கிடந்தன! செம்மண் ரோட்டில் லாரி வந்தால்தான் பட்டணத்து ஆஸ்பத்திரி. நம் மொழியில் பேசி, நம் வீட்டு நிலவரம் அறிந்து மருந்து கொடுத்த டிரஸர் ஐயாவை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒருவர் வரமாட்டாரா என்று இன்னொரு சனம் ஆற்றங்கரையில் காத்திருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை. தங்குமிடம் எங்கே, கூட யார் இருக்கிறார்கள், போக வர வழி என்ன என்று விசாரியுங்கள். விசாரித்தபின், பயத்துக்காக மட்டும் மகளைத் தடுக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கிளினிக்கிலும் யாரோ பெற்ற பிள்ளை பயிற்சிக்கு வந்திருக்கலாம். "சின்னப் பிள்ளை, இதுக்கு என்ன தெரியும்?" என்று ஒதுக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். எதை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். நம் உடம்பும் பிழைக்கும்.