சந்தூக்: சொல்லும் பொருளும்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் அமைந்த வலங்கைமான், பாடைக் காவடியால் பெயர் பெற்ற ஊர். பங்குனித் திங்களில் வரதராஜம்பேட்டை மாரியம்மன் கோயில் விழாவின்போது, கடும் நோயிலிருந்து மீண்ட இந்து அன்பர்கள் நேர்த்திக் கடனாகப் பாடையில் பிணம்போல் படுத்துக் கோயிலை வலம் வருவர். பிற ஊர்களில் நாவிலெடுக்கவே அஞ்சும் ஒரு சொல், இவ்வூரில் பிழைத்தெழுந்ததன் அடையாளமாகிவிட்டது. சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. மக்களின் வழக்கத்தில் வாழ்கின்றன என்பதற்கு இஃதொரு சான்று.

முஸ்லிம்களாகிய நாம் பாடை என்று சொல்வதில்லை, சந்தூக் என்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்து மஹல்லா ஒன்றில் ஜனாஸாவைக் கொண்டு செல்ல ஊர்தி ஒன்று வாங்கினர். அதன் பக்கவாட்டில் என்ன பெயர் எழுதுவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. அரசு வண்டிகளில் உள்ளவாறு ‘அமரர் ஊர்தி’ என்றே எழுதலாம் என்றனர் சிலர். ‘சந்தூக் வண்டி’ என்றனர் முதியோர். சந்தூக் என்ற சொல் ஹதீஸில் இல்லையே என்றனர் இளைஞர். நம்மிடம் விளக்கம் கேட்டு வந்தனர். அன்று கூறியதையே இங்கு விரித்துரைக்கின்றோம்.

சந்தூக் என்பது அரபியின் ‘ஸுந்தூக்’. பொருள்: பெட்டி. பணப்பெட்டியும் துணிப்பெட்டியும் அரபியில் ஸுந்தூக்கே. துருக்கியர் ‘ஸந்தக்’ என்றும் கிழக்காப்பிரிக்க சுவாஹிலி மொழியினர் ‘ஸந்துகு’ என்றும் வழங்குவதும் இச்சொல்லையே. ஏட்டு அரபியில் முதலெழுத்து உகரம் பெறும். பாரசீகத்திலும் உருதுவிலும் அரபு வட்டார வழக்குகள் சிலவற்றிலும் அது அகரமாகும். தமிழிலும் அகரமே. எனவே இச்சொல் நம்மிடம் கிதாபு வழியாக வந்ததன்று, பேச்சு வழியாக வந்தது எனலாம். உருது பேசுவோர் வீட்டில் சந்தூக் இன்றும் துணிமணி வைக்கும் பெட்டிதான். தமிழ் முஸ்லிம்களும் இலங்கை முஸ்லிம்களும் அதனை இறுதிப் பயணத்துக்குரியதாக்கிக்கொண்டனர்.

அரபியில் இதற்குரிய சொல் ‘நஃஷ்’. ‘உயர்த்துதல்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. தோள்மீது உயர்த்தப்படுவதால் இப்பெயர். மய்யித் அதன்மீது இருந்தால்தான் நஃஷ், இல்லையேல் அது வெறும் ‘ஸரீர்’, அதாவது கட்டில் என்பர் அரபு அகராதியியலார். நாம் சப்தரிஷி மண்டலம் என்னும் விண்மீன் கூட்டத்தை அரபிகள் ‘பனாத்து நஃஷ்’, நஃஷின் புதல்வியர், என்றனர். நான்கு மீன்கள் நஃஷாகவும் வால்போல் நீளும் மூன்றும் அதன்பின் செல்லும் புதல்வியராகவும் அவர்கள் கண்ணுக்குத் தோன்றின.

‘ஜனாஸா’ என்பதன் வேர் ‘மறைத்தல்’ என்னும் பொருளுடையது. ஜீமுக்கு அகரமிட்டு ‘ஜனாஸா’ எனில் மய்யித், இகரமிட்டு ‘ஜினாஸா’ எனில் மய்யித்தைத் தாங்கிய கட்டில் என்று பிரித்தோர் உண்டு. இதை மாற்றிச் சொன்னோரும் உண்டு. சுமக்கப்படுபவரையும் சுமப்பதையும் ஒரே சொல் தழுவி நிற்பது நோக்கத்தக்கது.

மறைத்தல் என்னும் இப்பொருளுக்கு ஏற்ப வரலாற்றுச் செய்தியொன்றும் உண்டு. அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள், பெண் மய்யித்தின் மீது துணியை மட்டும் போர்த்தினால் உடலின் வடிவம் தெரிகிறதே என்று கவலையுற்றார்கள். அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்று திரும்பியிருந்த அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள், அந்நாட்டில் கண்டவாறு ஈச்ச மட்டைகளை வளைத்துக் கட்டி அதன்மேல் துணியிட்டுக் காட்டினார்கள். அது ஃபாத்திமா (ரலி) அவர்களின் மனத்துக்கு ஆறுதல் அளித்தது. ஹிஜ்ரி 11இல் அவர்கள் மறைந்தபோது அவ்வாறே செய்யப்பட்டது என்று அறிவிப்புகள் கூறுகின்றன. நம் சந்தூக்குகளின் மேல் வளைந்த கம்பிகளும் அவற்றின்மேல் போர்வையும் இருப்பதைக் காணும்போதெல்லாம் இச்செய்தி நம் நினைவுக்கு வரும். நபித்தோழியர் பிற நாட்டு வழக்கமொன்றில் நன்மை கண்டு ஏற்றனர். அது பிறருடையது என்பதற்காக ஒதுக்கவில்லை.

‘தாபூத்’ என்பது மற்றொரு சொல். திருக்குர்ஆனில் (2:248) தாலூத்தின் ஆட்சிக்குச் சான்றாக வந்த பேழையும், (20:39) குழந்தை மூஸா (அலை) ஆற்றில் விடப்பட்ட பேழையும் தாபூத்தே. உயிர் காத்த பேழைக்கும் உயிர் நீத்தோரின் பெட்டிக்கும் பெயர் ஒன்றே.

இனித் தமிழைப் பார்ப்போம். புறநானூற்றில் பாடைக்குக் ‘கால்கழி கட்டில்’ என்று பெயர். கால் இல்லாத கட்டில் என்பது பொருள். கேரள மாப்பிள்ளைமார் ‘மய்யித்துக் கட்டில்’ என்பர். அரபியின் ஸரீரும் கட்டிலே. கட்டில், பெட்டி, பேழை: இவையெல்லாம் வீட்டுப் பொருள்கள். வீட்டில் உறங்கியவரை வீட்டுப் பொருளின் பெயராலேயே வழியனுப்பியிருக்கின்றனர் மக்கள். ஆகவே சந்தூக் என்பது மார்க்கம் விதித்த சொல்லுமன்று, மார்க்கம் விலக்கிய சொல்லுமன்று. பழுதற்ற ஒரு வழக்குச் சொல். அதனைக் களைய வேண்டியதில்லை. இன்னும் ஒரு சிறப்பு: பாடை ஒவ்வோர் இறப்புக்கும் புதிதாகக் கட்டப்படுவது, சந்தூக்கோ பள்ளிவாசலுக்குரியது. செல்வரையும் வறியவரையும் அதே சந்தூக் சுமந்து, மையவாடியில் இறக்கிவிட்டு, வெறுமையாய்த் திரும்புகிறது.

‘அமரர்’ நிலை வேறு. மரணமில்லாதவர், தேவர் என்பது அதன் சொற்பொருள். இன்று ‘காலமானவர்’ என்னும் மரியாதைச் சொல்லாகவே வழங்குகிறது என்பது உண்மை. ஆயினும் ஒவ்வோர் ஆன்மாவும் மரணத்தைச் சுவைக்கும் (3:185) என்று ஓதும் நாம், நம் ஊர்தியில் நாமே அச்சொல்லை எழுத வேண்டியதில்லை. அதற்காக, அப்பெயர் பொறித்த அரசு வண்டி மருத்துவமனை வாயிலில் நிற்கும்போது ஏற மறுத்து ஜனாஸாவைத் தாமதப்படுத்துவதும் முறையன்று. ஜனாஸாவை விரைந்து கொண்டு செல்லுமாறு பணித்தார்கள் நபி (ஸல்) அவர்கள்.

‘ஜனாஸா ஊர்தி’ என்று எழுதுமாறு கூறினோம். ஊர்தி தூய தமிழ், ஊர்ந்து செல்வது. இரு மொழியும் ஒரு பணிக்காக இணைகின்றன. மூன்று தரப்பாரும் அதற்கு இசைந்தனர். ஆனால் எழுதுபவர் வருமுன்னரே மஹல்லாவில் ஒரு மௌத் நிகழ்ந்தது. அவ்வூர்தியின் முதல் பயணம் பெயர் ஏதும் இல்லாமலேயே நிறைவேறியது. அன்று யாரும் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை; மையவாடி வாயிலில் சந்தூக்கை இறக்கித் தோள் கொடுக்கவே அனைவரும் முந்தினர்.