ஒடுங்கிய ஹைட்ரஜனும் கரும்பொருளும்

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டானும் ஒரு எலக்ட்ரானும் மட்டுமே உள்ளன. அதன் அடிநிலையில் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. அணுவின் ஆரம் சுமார் 0.53 ஆங்ஸ்ட்ராம். இந்த அடிநிலைக்கும் கீழே, எலக்ட்ரான் புரோட்டானோடு ஒட்டினாற்போல் ஒடுங்கிக் கிடக்கும் நிலைகள் உண்டு என்று சிலர் வாதிடுகின்றனர். அப்படி ஒடுங்கிய அணுக்கள் ஒளியோடு எளிதில் உறவாடாது என்பதால், பிரபஞ்சத்தின் கரும்பொருள் அவையாகவே இருக்கலாம் என்பதும் அவர்களின் ஊகம்.

ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டிவரும் பொருளுக்குக் கரும்பொருள் என்று பெயர். கோமா கொத்தின் விண்மீன் மண்டலங்கள், கண்ணுக்குத் தெரியும் நிறையால் கட்டுப்படுத்த முடியாத வேகத்தில் திரிவதை 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சுட்டிக்காட்டினார். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் வெளிப்பகுதியும் வேகம் தணியாமல் சுழல்வதை 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் வெளியிட்டனர். பிளாங்க் செயற்கைக்கோளின் கணக்குப்படி பிரபஞ்சத்தில் சாதாரண அணுப்பொருள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27 சதவீதம். அதன் துகளை எந்தக் கருவியும் இதுவரை ஐயமறப் பிடிக்கவில்லை. அதனால்தான் இத்தகைய ஊகங்களுக்கும் இடம் கிடைக்கிறது.

ஊகத்தின் வேர் 1928இல் பால் டிராக் எழுதிய சமன்பாட்டில் இருக்கிறது. ஹைட்ரஜனுக்கு அதைத் தீர்த்தால் இரண்டு வகை விடைகள் வரும். அவற்றில் ஒன்று அணுவின் மையத்தில் கட்டுக்கடங்காமல் பெருகுவதால், பாடநூல்கள் அதைத் தள்ளிவிடுகின்றன. புரோட்டான் அளவற்ற புள்ளி அல்ல, அதற்கும் ஆரம் உண்டு. எனவே அந்த விடையைத் தள்ளத் தேவையில்லை என்று 1990களில் மாலி, வாவ்ரா என்ற ஆய்வாளர்கள் வாதிட்டனர். அவர்கள் கணக்கிட்ட மிக ஆழமான நிலையின் பிணைப்பு ஆற்றல் சுமார் 5 லட்சத்து 9 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட். பின்னாளில் வாவ்ரா இந்த அணுக்களைக் கரும்பொருளோடு இணைத்தார்.

அமெரிக்காவின் ராண்டெல் மில்ஸ் வேறு வழியில் சென்றார். குவாண்டம் இயக்கவியலுக்கு மாற்றாகத் தாமே ஒரு கோட்பாட்டை அமைத்து, ‘ஹைட்ரினோ’ என்ற ஒடுங்கிய அணுவை முன்வைத்தார். கரும்பொருள் அதுவே என்றும் கூறினார். அவருடைய சமன்பாடுகள் தம்முள்ளேயே முரண்படுவதாக 2005இல் ஆண்ட்ரியாஸ் ராத்கே காட்டினார். யூஜீன் ஓக்ஸ் முன்மொழிந்த ‘இரண்டாம் வகை ஹைட்ரஜன்’ மூன்றாவது வழி. அதுவும் தள்ளப்பட்ட விடையிலிருந்தே பிறந்தது. ஆனால் அது ஒடுங்கியது அல்ல. அதன் ஆற்றல் மட்டங்கள் சாதாரண ஹைட்ரஜனுடையவையே. வழக்கமான நிறமாலைக் கோடுகளைத் தராது என்பதே அதன் தனித்தன்மை.

ஒடுங்கிய நிலைகளுக்கு முதல் தடை குவாண்டம் இயற்பியலிலேயே இருக்கிறது. ஒரு துகளை எவ்வளவு சிறிய இடத்தில் அடைக்கிறோமோ, அவ்வளவு அதிகமாக அதன் இயக்க ஆற்றல் கூடும். எலக்ட்ரானை ஒரு ஃபெம்டோமீட்டருக்குள் அடைத்தால் அந்த ஆற்றல் ஏறக்குறைய 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டை எட்டும். அதே தொலைவில் புரோட்டானின் மின் ஈர்ப்பு தருவதோ சுமார் 1.4 மில்லியன்தான். அந்த ஈர்ப்பு மட்டும் எலக்ட்ரானை அங்கே பிடித்துவைக்காது.

அடுத்த தடை அணுக்கரு வினைகள். எலக்ட்ரானைவிட 207 மடங்கு கனமான மியூவான் எலக்ட்ரானின் இடத்தைப் பிடித்தால் ஹைட்ரஜன் அணு அதற்கேற்பச் சுருங்குகிறது. அப்போது அணுக்கருக்கள் நெருங்கி, குறைந்த வெப்பத்திலும் பிணைகின்றன. இது ஆய்வகத்தில் கண்ட உண்மை. அதைவிடச் சிறிய, மின்சுமை வெளியே தெரியாத அணு பிற அணுக்கருக்களை இன்னும் எளிதாக அணுகும். பிரபஞ்சமெங்கும் அது நிறைந்திருந்தால் விண்மீன்களின் எரிதலே மாறியிருக்கும். தவிர, ஒவ்வோர் அணுவும் அந்த ஆழத்துக்கு இறங்கும்போது ஐந்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டை வெளியேற்றியாக வேண்டும்.

மிகக் கடுமையான தடை பெருவெடிப்பின் முதல் நிமிடங்களிலிருந்து வருகிறது. அப்போது புரோட்டானும் நியூட்ரானும் எவ்வளவு அடர்ந்திருந்தனவோ, அவ்வளவு முழுமையாக, அவை இணைந்து உருவான டியூட்டிரியம் ஹீலியமாக மாறும். எஞ்சும் டியூட்டிரியம் அந்த அளவுக்குக் குறையும். தொலைதூர குவாசார்களின் ஒளி வழியில் உள்ள வாயு மேகங்களைக் கடந்து வருகிறது. அந்த ஒளியில் காணும் டியூட்டிரியம், பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சுமார் 25. சாதாரணப் பொருள் 5 சதவீதமாக இருந்தால்தான் இந்த எண் பொருந்தும். கரும்பொருளும் புரோட்டான்களால் ஆனதென்றால் அடர்த்தி ஏறக்குறைய ஆறு மடங்காகி, டியூட்டிரியம் பெருமளவு அழிந்திருக்கும். பெருவெடிப்புக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட நுண்ணலைப் பின்னணியும் தனி வழியில் இதே 5 சதவீதத்தைத் தருகிறது. புரோட்டான் எந்த நிலை அணுவில் இருந்தாலும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், ஓக்ஸின் ஹைட்ரஜனும் இதிலிருந்து தப்பவில்லை.

ஓக்ஸ் தம் கருத்துக்கு ஆதரவாக ஒரு வானொலி அளவீட்டையும் காட்டினார். முதல் விண்மீன்கள் பிறந்த காலத்து ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலையை எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கும் மேல் உறிஞ்சியதாக, மேற்கு ஆஸ்திரேலியாவில் இயங்கிய எட்ஜஸ் கருவியின் குழு 2018இல் அறிவித்திருந்தது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் தன் சாரஸ் 3 கருவியைக் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டு அதே அலைவரிசையை அளந்தது. எட்ஜஸ் கண்ட உறிஞ்சல் வடிவம் அதில் இல்லை. 2022இல் வெளியான முடிவு அதை 95 சதவீத நம்பகத்துடன் நிராகரித்தது.

ஆகவே ஒடுங்கிய ஹைட்ரஜனுக்கும் கரும்பொருளுக்கும் இடையிலான இணைப்பு இன்றுவரை நிறுவப்படாத ஊகம்தான். ஒடுங்கிய நிலைக்கே உரிய எக்ஸ் கதிர் அல்லது காமா கதிர்க் கோட்டைச் சுயேச்சையான ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்டால், அணு இயற்பியல் தன் பாடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படியே கண்டாலும், டியூட்டிரியக் கணக்கைத் தீர்க்காதவரை அந்த அணுவைக் கரும்பொருள் என்று சொல்ல முடியாது.