எட்டாத கிண்ணமும் அறியாத உடலும்

எங்கள் சமூகத்திலே ஒரு பெண் பூப்பெய்தினால் அச்செய்தி ஊரறியப் பரவுகின்றது. அழைப்பிதழ் அச்சிட்டு, மண்டபம் எடுத்து, படம் பிடிப்போரையும் வரவழைத்துச் சாமத்தியச் சடங்கினைப் பெருவிழாவாகவே நடத்துகின்றோம். ஆயின், அவ்விழாவிற்குக் காரணமாயமைந்த உடலைப் பற்றி அப்பெண்ணுடன் பேசுவார் அரியர். கருப்பை எங்குளது, அதன் கழுத்து எங்கு முடிகின்றது என்பனவற்றை அவள் பரீட்சைக்கு வேண்டிய அளவிற்கு விஞ்ஞான நூலிலே கற்கின்றாள். அவை தன்னுடலிலும் உள்ளன என்னும் உணர்வு அவளுக்கு உண்டாவதில்லை. இக்குறை எத்துணைப் பெரிது என்பதை மாதவிடாய்க் கிண்ணம் என்னும் சிறு பொருளே எனக்குத் தெளிவாகக் காட்டிற்று.

இக்கிண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. லியோனா சால்மர்ஸ் என்னும் அமெரிக்க நடிகை 1937ஆம் ஆண்டிலேயே இறப்பராலான கிண்ணமொன்றிற்கு ஆக்கவுரிமை பெற்றார். இக்காலத்தில் அது பெரும்பாலும் மருத்துவத் தரமுடைய சிலிக்கோனால் ஆக்கப்படுகின்றது. மடித்து உட்செலுத்தியதும் அது விரிந்து, யோனிச் சுவரோடு பொருந்தி நிற்கும். துவாயைப் போன்று உதிரத்தை உறிஞ்சாது ஏந்திக்கொள்ளும். பன்னிரண்டு மணித்தியாலத்திற்குள் எடுத்து, கழுவி, மீண்டும் இடலாம். செவ்வனே பேணினால் பல ஆண்டுகள் உழைக்கும். 2019ஆம் ஆண்டில் 'லான்செற்' குழுமத்தின் பொதுச் சுகாதார ஏடு 43 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கசிவைப் பொறுத்தமட்டில் இது துவாய்க்குத் தாழ்ந்ததன்று என்ற முடிவை வெளியிட்டது. அயலிலே, கேரளத்து ஆலப்புழை நகரசபை 2018ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின்னர், கழித்த துவாய்களை அகற்றும் தொல்லையைக் கண்டு, 2019இல் ஐயாயிரம் கிண்ணங்களைப் பெண்களுக்கு வழங்கிற்று. இறக்குமதித் துவாய்களின் மீது 2018ஆம் ஆண்டுவரை நூறு வீதத்திற்கும் மேற்பட்ட வரி சுமந்திருந்த நம் நாட்டிலும் இதன் சிக்கனத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இத்துணைப் பயனுடையதாயினும், எல்லாருக்கும் ஒரே கிண்ணம் பொருந்தாது. கருப்பைக் கழுத்து சிலருக்குத் தாழ்ந்தும் சிலருக்கு உயர்ந்தும் அமைந்திருக்கும். நான் உயர்ந்த கழுத்துடையோர் வகையைச் சேர்ந்தவள். ஆகலின், இதனை அனுபவத்தோடு சேர்த்தே கூறுகின்றேன்.

அறியும் முறை எளிது. கையை நன்கு கழுவி, குந்தியிருந்து, நடுவிரலை மெல்லச் செலுத்துக. மூக்கு நுனியை ஒத்த உருண்டையான, சற்று உறுதியான பகுதியே கருப்பைக் கழுத்து. விரலின் முதற் கணுவளவில் அது தட்டுப்படின் தாழ்ந்தது. இரண்டாங் கணுவளவில் நடுத்தரம். முழுவிரலும் சென்றபின் தட்டுப்படினும், அன்றி எட்டாதே போயினும் உயர்ந்தது. கழுத்தின் நிலை மாதம் முழுவதும் ஒன்றாயிராது. ஆதலால் விடாய் நாள்களிலேயே, ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தல் நலம்.

கழுத்து உயர்ந்தோர் கிண்ணத்தைத் தெரியும்பொழுது நீளத்தையே முதலில் நோக்க வேண்டும். பெட்டியின் மீது 'சிறிது', 'பெரிது' என்று பொறித்திருப்பது பெரும்பாலும் வாயின் விட்டத்தையும் பிள்ளைப்பேற்றையும் கருதியதேயன்றி நீளத்தைக் கருதியதன்று. காம்பையும் சேர்த்து ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர் நீளமுடையது எங்கள் போன்றோர்க்கு உகந்தது. காம்பு வளையமாயிருப்பின் விரலுக்கு நன்கு அகப்படும். காம்பை வெட்டிச் சிறிதாக்கலாம் என்று கூறுவர். இரண்டு மூன்று மாதம் பழகிப் பாராமுன் அதனைச் செய்தல் ஆகாது. வெட்டிய காம்பு மீண்டும் வளராதன்றோ!

ஓரிரவு இளம் ஆசிரியை ஒருத்தி தொலைபேசியிலே நடுங்கிய குரலில் என்னை அழைத்தாள். "அக்கா, கிண்ணம் கைக்கு எட்டேல்லை. அது வயித்துக்குள்ள போயிடுமோ?" என்றாள். பட்டம் பெற்றவள், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிப்பவள். யோனி மேலே திறந்து கிடக்கும் குழாயன்று. அதன் முடிவிலே கருப்பைக் கழுத்து நிற்கின்றது. அக்கழுத்தின் துளை சில மில்லிமீற்றர் அகலமே உடையது. கிண்ணம் அதனூடே செல்ல வழியில்லை என்று கூறினேன். "அது போக இடமில்லை, நீ பதறத் தேவையுமில்லை" என்றதும் அவள் நீண்டதொரு மூச்சு விட்டாள்.

அன்று அவளுக்குக் கூறியதையே இங்கும் எழுதுகின்றேன். அச்சம் தசைகளை இறுக்கும். இறுகிய தசை கிண்ணத்தை மேலே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே, முதலில் ஆறுதலாக மூச்சு விடுக. எட்டவில்லையெனின் சிறிது நேரம் நடந்து, அல்லது இளஞ்சூட்டு நீரிற் குளித்து, மீண்டும் முயல்க. ஆழக் குந்தியிருந்து, மலங்கழிக்கையில் முக்குவது போன்று பல தடவை மெல்ல முக்கினால் கிண்ணம் தானே கீழிறங்கும். காம்பு அகப்பட்டதும் அதனை மட்டும் பற்றி இழுத்தல் கூடாது. காம்பு அடிப்பாகத்தைத் தேடுதற்குரிய வழிகாட்டி மாத்திரமே. அதனைப் பற்றி மேலே சென்று, கிண்ணத்தின் அடிப்பாகத்தை இரு விரலால் நெரிக்க, காற்றுப் புகுந்து பிடி தளரும். தளராவிடின் ஒரு விரலைப் பக்கவாட்டிலே மேலே செலுத்தி விளிம்பை உள்நோக்கி அமுக்குக. பின்னர் சற்றே சரித்து, முதலில் விளிம்பின் ஒருபுறத்தையும் அடுத்து மறுபுறத்தையும் வெளியே கொணர்தல் வேண்டும். அரைமணி கழித்து அவள் மீண்டும் அழைத்தபொழுது அழுகை நின்று சிரிப்பே கேட்டது.

வைத்திய ஆலோசனை வேண்டிய இடங்களும் உள. கருப்பையினுள்ளே கருத்தடைச் சாதனம் பொருத்தியோர், கருப்பை இறக்கம் உடையோர் வைத்தியரைக் கேட்டபின்னரே இதனைப் பயன்படுத்தல் வேண்டும். பிடியைத் தளர்த்தாது இழுத்தால் சாதனம் இடம் பெயரவுங்கூடும். பலமுறை முயன்றும் பன்னிரண்டு மணித்தியாலத்துள் எடுக்க இயலாவிடின் வைத்தியசாலைக்குச் செல்வதில் நாணம் வேண்டா. கிண்ணம் உள்ளிருக்கையில் கடுஞ்சுரம், வாந்தி, தோற்சிவப்பு, மயக்கம் தோன்றின் உடனே அதனை அகற்றி வைத்தியரை நாடுக. நச்சதிர்ச்சி நோய் மிக அரிதாயினும் உயிருக்கு ஆபத்தானது. கன்னிமை பற்றிய ஐயம் எழுப்புவாருமுளர். கன்னிச்சவ்வு இயல்பாகவே பெண்ணுக்குப் பெண் வேறுபடுவது; அது கிண்ணத்தால் விரியவோ கிழியவோ கூடுமெனினும், ஒருத்தியின் ஒழுக்கத்திற்கு அது சான்றாகாது.

கிண்ணத்தை எல்லாரும் ஏற்கவேண்டுமென்பது என் வாதமன்று. துவாயே வசதியென்போர் அதனையே கொள்க. ஆயின், எதனைத் தெரிவதாயினும் அறிந்து தெரியும் உரிமை பெண்ணுக்கு வேண்டும். அந்த இளம் ஆசிரியையை அன்றிரவு வருத்தியது கிண்ணமன்று. தன்னுடலின் எல்லை எதுவென்று எவரும் அவளுக்குச் சொல்லாமையே. இப்பொழுது அவள் தன் வகுப்பிலே அப்பாடத்தைப் பக்கம் புரட்டிக் கடந்து செல்வதில்லை. கரும்பலகையிலே படம் வரைந்து, ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லியே கற்பிக்கின்றாள்.