எம்.எஸ். கிருஷ்ணன்: பாறைகளின் வரலாற்றைத் தொகுத்த தஞ்சைக்காரர்

மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் 1898-ல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்தவர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-ல் தொடங்கப்பட்டது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1951-ல் அதன் இயக்குநரான முதல் இந்தியர் அவர். கோயில் கட்டக்கூட வெளியிலிருந்து கல் கொண்டுவர வேண்டிய வண்டல் நாட்டிலிருந்து இந்தியப் பாறைகளின் வரலாற்றையே எழுதியவர் வந்தது வியப்புக்குரியது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வுப் பட்டம் பெற்று, 1924-ல் துறையில் சேர்ந்தார். மழை ஓய்ந்ததும் கூடாரத்தோடு காட்டுக்குப் போவதும் கோடை முற்றுமுன் திரும்புவதும் அன்றைய புவியியலாளரின் வாழ்க்கை. சுத்தியல், திசைகாட்டி, சாய்வுமானி இவையே கருவிகள். பாறை அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை பாகை சாய்கிறது என்று ஓரிடம் விடாமல் அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

இப்படி அவர் ஆராய்ந்த பகுதிகளில் முக்கியமானது கங்க்பூர் சமஸ்தானம், அதாவது இன்றைய ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டப் பகுதி. அந்த ஆய்வு 1937-ல் நூலாக வந்தது. சுண்ணாம்புக்கல், டோலமைட், மாங்கனீசுப் பாறை எல்லாம் அங்கே மடிந்து கிடக்கின்றன. நடுவில் மிகப் பழைய அடுக்கும் இருபுறமும் இளைய அடுக்குகளுமாக, மேல்நோக்கி வளைந்த பெரும் மடிப்பு அது என்று கிருஷ்ணன் முடிவு கட்டினார். பின்வந்தவர்களில் சிலர் அதைத் தலைகீழாக வாசித்தார்கள்.

இப்படி இரண்டு விதமாக வாசிக்க நேர்வதற்குக் காரணம் உண்டு. மடிப்பு இறுகும்போது அடுக்குகள் நிமிர்ந்து, சில இடங்களில் கவிழ்ந்தும் விடுகின்றன. எது மேல், எது கீழ் என்று பாறைதான் சொல்ல வேண்டும். நீரில் படிந்த மணற்கல்லில் பருமனான மணல் அடியிலும் நுண்மணல் மேலேயும் நிற்கும். எரிமலைப் பாறை என்றால் குமிழ்களைப் பார்க்க வேண்டும். குழம்பிலிருந்து ஆவி மேலேறுவதால், உறைந்த பாறையின் மேற்பகுதியில் குமிழ்ப் பொந்துகள் நெருங்கியிருக்கும். கடலடியில் வழிந்த குழம்பு தலையணை தலையணையாக உறையும். ஒவ்வொன்றும் மேலே உருண்டு, கீழே இரண்டு தலையணைக்கு இடையில் கூம்பியிருக்கும். பல கோடி ஆண்டு நெருக்கத்திலும் வெப்பத்திலும் இந்த அடையாளங்கள் அழிந்துபோன இடத்தில்தான் கருத்து வேறுபாடு பிறக்கிறது.

1943-ல் வெளியான ‘இந்தியா, பர்மா புவியியல்’ அவரது பெரும் பணி. துறை அலுவலர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிக் குவித்த அறிக்கைகளை ஒரே வரலாறாகக் கோத்த புத்தகம் அது. பல பதிப்புகள் கண்டு, புவியியல் மாணவர்களுக்கு நீண்ட காலம் பாடநூலாக இருந்தது.

அந்த வரலாற்றில் எரிமலைகளுக்குப் பெரிய இடம் உண்டு. இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் எரிமலை அந்தமானின் பேரன் தீவு ஒன்றுதான். ஆனால் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நிலம் நீள நீளமாக வெடித்து, குழம்பு அலை அலையாகப் பரவியது. அரித்தது போக இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை அந்தக் கரும்பாறை மூடியிருக்கிறது. ஒரு குழம்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சில இடங்களில் சிவந்த மண், சில இடங்களில் ஏரிச் சேறு, அதில் நத்தை ஓடுகள். இடைவெளிகளில் மண் உண்டாகவும் உயிர்கள் குடியேறவும் அவகாசம் இருந்திருக்கிறது. இன்னும் பழையது ராஜ்மகால் குன்றுகளின் எரிமலைப் பாறை. அது கிழக்கே வங்காள வண்டலுக்கு அடியிலும் தொடர்கிறது.

இந்தியாவின் நில அமைப்பையும் அது உருக்குலைந்த வரலாற்றையும் தனியே ஆராய்ந்து 1953-ல் ஒரு நூல் எழுதினார். வண்டலுக்கு அடியில் உள்ளதைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க முடியாது. அதற்கு ஈர்ப்பு, காந்தம், நில அதிர்வு ஆகியவற்றை அளக்கும் புவி இயற்பியல் வேண்டும். 1961-ல் ஐதராபாத்தில் தொடங்கிய தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் கிருஷ்ணனே பொறுப்பேற்றார். என் கணிப்பில், புவியியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் பதவியைவிட இதுவே நாட்டுக்கு அவர் செய்த பெரிய உதவி. 1967 டிசம்பரில் கொய்னா அணைப் பகுதி குலுங்கியபோது, அசையாத நிலம் என்று நம்பிய தக்காணத்தைப் பற்றிய எண்ணமே மாறியது. அணை நீர்த்தேக்கங்கள் தூண்டும் நில அதிர்வு பற்றிய ஆய்வில் அந்த நிறுவனம் பின்னர் உலக அளவில் பெயர் பெற்றது. கிருஷ்ணன் 1970-ல் காலமானார்.

அவர் பிறந்த டெல்டாவின் அடித்தளமும் இதே புவி இயற்பியல் முறைகளால்தான் தெரியவந்தது. இந்தியாவும் இலங்கையும் அண்டார்டிகாவும் பிரியத் தொடங்கிய காலத்தில், இங்கே நிலம் வடகிழக்கு–தென்மேற்காகப் பிளந்து, சில துண்டுகள் இறங்கின, சில உயர்ந்தே நின்றன. இறங்கிய பள்ளங்களில் கடலும் ஆறுகளும் கொட்டிய படிவு சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் கனம். உயர்ந்து நின்ற பழம்பாறை முகடுகளுக்கு ஊர்ப் பெயர்களே வைத்திருக்கிறார்கள்: கும்பகோணம்–மாதானம் முகடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி முகடு. நெல் வயலில் நிற்பவருக்கு மேலே எல்லாம் ஒரே சமவெளி. ஈர்ப்புமானிக்கு அப்படியில்லை; கனமான பாறை மேலே நெருங்கும் இடத்தில் ஈர்ப்பு இம்மியளவு கூடும். அதிர்வலையை உள்ளே அனுப்பி, அது திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்தால் ஆழம் தெரியும். இந்தப் படிவுகளின் மேற்கு விளிம்பு அரியலூரில் தரைக்கு வருகிறது. அங்கே சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் கடல் சிப்பிகள் கிடைக்கின்றன. கிழக்கே, நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில், அதே படுகையின் ஆழத்திலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள்.