உலையில் இடுமுன் ஒரு பிடி



வாழ்க்கையில் கடவுளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆலயத்தில் போதகர் சொல்கிறார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். கேட்கும்போது நாமும் தலையசைக்கிறோம். ஆனால் மறுநாள் பொழுது விடிந்தால் பெரட்டு, வேலை, கடைப் பாக்கி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. "விடிந்தால் வேலை, அடைந்தால் தூக்கம். இதில் கடவுளுக்கு என்று நாங்கள் எதை எடுத்து வைப்பது?" என்று தோட்டத்துத் தாய்மார் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் இன்று நாம் விடை தேடப் போகிறோம்.

முதலில், 'முதல்' என்ற சொல்லையே சற்று எண்ணிப் பார்ப்போம். முதல் என்பது வேறு, மிகுதி என்பது வேறு. நிறையக் கொடுப்பவனே முதலிடம் கொடுக்கிறான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது சரியன்று. முதல் என்பது வரிசையைப் பற்றியது, அளவைப் பற்றியதன்று.

இதை நமக்குக் கற்றுக் கொடுக்க வேறு ஆசிரியர் வேண்டியதில்லை. ரப்பர் மரமே போதும். இன்று பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டன. ஆயினும் மரம் சீவிய கைகள் நம் குடும்பங்களில் இன்னும் உண்டு. இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனது ஏன்? இரவில் மரம் நீரை நிறைய வைத்திருக்கும். பட்டைக்குள் பாலின் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதே மரம், அதே கத்தி, அதே கைதான். காலையில் செய்தால் ஒரு பலன், நண்பகலில் செய்தால் வேறு பலன். எதை முதலில் செய்கிறோம் என்பதில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது என்பதை நாம் உடம்பாலேயே அறிந்திருக்கிறோம்.

இறைவனுக்குரிய காரியமும் இப்படிப்பட்டதுதான். எல்லாச் செலவும் போக மிஞ்சியதைக் கொடுப்பதும், செலவு தொடங்குமுன் சிறிது எடுத்து வைப்பதும் தொகையில் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் மனநிலை ஒன்றன்று. மிஞ்சியதைக் கொடுக்கிறவர், "என் தேவைகள் முடிந்தன, இனி நீர் எடுத்துக்கொள்ளும்" என்கிறார். முதலில் எடுத்து வைக்கிறவர், "என் தேவைகளும் உம்முடைய கையில்தான் இருக்கின்றன" என்கிறார்.

இதை அரிசியைக் கொண்டே வாழ்ந்து காட்டிய மக்கள் சிலரை நாம் அறிந்துகொள்வோம். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், மியன்மார் எல்லையை ஒட்டி மிசோரம் என்ற மலைநாடு இருக்கிறது. 1894ஆம் ஆண்டில் அங்கே முதல் மிஷனரிமார் இருவர் சென்று தங்கி, அம்மக்களின் மொழிக்கு எழுத்து முறை அமைத்தார்கள். சில ஆண்டுகளில் சபைகள் தோன்றின. 1910ஆம் ஆண்டில் அச்சபைகளின் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'புஃபாய் தாம்', அதாவது பிடி அரிசி.

அதன் முறை மிக எளியது. வீட்டுத் தாய் சமையலுக்கு அரிசி அளக்கும்போது, உலையில் இடுமுன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டு வைப்பாள். ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் இப்படியே செய்வாள். வாரந்தோறும் சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று அந்த அரிசியைச் சேர்த்து வருவார்கள். பிறகு அது விற்கப்படும். அந்தப் பணம் சபையின் ஊழியங்களுக்குப் போகும். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வழக்கம் அங்கே நின்றுவிடவில்லை.

அரிசி நிறைந்த நாடு, அதனால் கொடுத்தார்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அம்மலைகளில் மூங்கிற்காடு மிகுதி. ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்குள்ள ஒருவகை மூங்கில் ஒரே சமயத்தில் பூத்துக் காய்க்கும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் அவை வயலில் இறங்கி நெல்லை அழிக்கும். இதனால் வரும் பஞ்சத்தை அம்மக்கள் 'மௌதாம்' என்பார்கள். பிடி அரிசி தொடங்கிய மறு ஆண்டே, 1911 – 1912இல், அத்தகைய பஞ்சம் வந்தது. 1958ஆம் ஆண்டை ஒட்டி மறுபடியும் வந்தது. பானையின் அடித்தட்டைப் பார்த்த மக்கள் காத்துவந்த வழக்கம் இது.

நம் தமிழருக்கும் இதில் பங்கு உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் உள்ள வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயராக 1912இல் அபிஷேகம் பெற்று, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்னும் இடத்தில் பணிபுரிந்தார். அவருடைய சபை மக்களில் பெரும்பாலோர் நிலமில்லாத ஏழைக் கூலித் தொழிலாளர்கள். காசு இல்லாத அந்த வீடுகளிலும் சமைக்கும்போது பிடி தானியம் எடுத்து வைக்கும் பழக்கம் வளர்ந்தது. ஏழைகளிடம் கேட்கக் கூடாது என்று விட்டுவிடாமல், அவர்களும் கொடுக்கும் மதிப்புடையவர்களே என்று அவர் கருதினார்.

நேயர்களே, இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிடி 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு வேளை என்றால் 60 கிராம். முப்பது நாளில் 1 கிலோ 800 கிராம். ஒரு லயத்தில் இருபது குடும்பங்கள் இப்படிச் செய்தால் மாதம் 36 கிலோ அரிசி சேரும். நோயில் விழுந்த ஒரு குடும்பத்துக்கு, கணவனை இழந்த ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய தாங்குதல்! எந்த வீட்டிலும் அன்றைய சோறு குறைந்ததாகத் தெரிந்திராது.

இந்தப் பிடி அரிசிக்கு வேதாகமத்தில் ஒரு பழைய உறவினர் உண்டு. சாறிபாத் ஊர் விதவையின் கதையை நாம் அறிவோம். மழையில்லாத காலம். அவள் வீட்டில் இருந்தது ஒரு பிடி மாவும் சிறிது எண்ணெயும் மட்டுமே. அதைச் சுட்டுத் தானும் மகனும் தின்றுவிட்டுச் சாவை எதிர்பார்த்திருக்க எண்ணி அவள் விறகு பொறுக்கினாள். அப்போது எலியா தீர்க்கதரிசி வந்து, முதலில் தனக்கு ஒரு சிறிய அப்பம் செய்து கொண்டுவரும்படி கேட்டார். அவள் கொடுத்தாள். மாவும் தீரவில்லை, எண்ணெயும் குறையவில்லை.

இந்தக் கதையைச் சிலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வெள்ளி போட்டால் ஆண்டவர் பத்து வெள்ளியாகத் திருப்பித் தருவார் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். நான்கு இலக்கச் சீட்டு வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்த விதவைக்குக் களஞ்சியம் நிரம்பவில்லை. அன்றன்றைக்கு வேண்டிய மாவு மட்டுமே கிடைத்தது. அதன்பின் அவளுடைய மகன் நோயுற்று மூச்சடங்கிப் போனான் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. எலியாவின் ஜெபத்தால் அவன் பிழைத்தான் என்பது உண்மை. ஆனால் கண்ணீர் அந்த வீட்டை விட்டு விலகியே இருந்ததாக வேதம் சொல்லவில்லை. கடவுளுக்கு முதலிடம் கொடுத்தால் துன்பம் வாராது என்று யாராவது சொன்னால் நாம் நம்ப வேண்டாம். துன்பம் வரும்போது நாம் தனியாக இல்லை என்பதே நமக்குள்ள ஆறுதல்.

இன்னொரு தவறும் உண்டு. அது இன்னும் ஆபத்தானது. கடவுளின் பெயரைச் சொல்லி வீட்டுக் கடமையிலிருந்து நழுவுவது! இயேசு பெருமானின் காலத்தில் சிலர், பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுப் பெற்றோரைக் கைவிட்டார்கள். இயேசு அதைக் கடுமையாகக் கண்டித்தார். மாற்கு எழுதிய நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இதைக் காணலாம். ஆகவே, பெற்ற தாய் மருந்துக்குக் காசில்லாமல் படுத்திருக்கும்போது, ஊரார் பார்க்கப் பெரிய காணிக்கை போடுவது முதலிடம் ஆகாது. சம்பளத்தைக் கள்ளுக்கடையில் தொலைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் அமர்ந்து உரக்கப் பாடுவதும் முதலிடம் ஆகாது.

அப்படியானால் முதலிடம் என்பது என்ன? மலைப் பிரசங்கத்தைக் கூர்ந்து படித்தால் ஓர் அருமையான செய்தி புலப்படும். அந்த மூன்று அதிகாரங்களில் இயேசு 'முதலில் செய்' என்று மூன்று காரியங்களைச் சொல்கிறார். உணவையும் உடையையும் பற்றிய கவலைக்கு முன், முதலில் கடவுளின் ஆட்சியையும் நீதியையும் தேட வேண்டும் என்கிறார். இது நாம் அனைவரும் அறிந்தது. மற்ற இரண்டையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு நம்மீது மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்கிறார். பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்குமுன் முதலில் நம் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுக்க வேண்டும் என்கிறார்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குகிறது. கடவுளுக்கு முதலிடம் கொடுக்கிறவன், தன் அடுத்த வீட்டாரையும் முதலில் தேடிப் போகிறான். தன் குற்றத்தையும் முதலில் பார்க்கிறான். லயத்தில் ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமும் வாழ்கிறோம். குழாய்த் தண்ணீருக்காகவும் கோழிக்காகவும் பிள்ளைகளின் சண்டைக்காகவும் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! சுவருக்கு அப்பால் இருப்பவரோடு பேசாமல், வானத்துக்கு அப்பால் இருப்பவரோடு மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

நேரத்தையும் பார்ப்போம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது நமக்குக் கிடைத்த பெரிய கொடை. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டமும் தொழிலாளிக்கு வாரம் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு என்கிறது. அதற்கு நெடுங்காலம் முன்பே உபாகமம் என்னும் ஆகமம், ஓய்வு நாளில் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று சொன்னது. அதற்கு அது கூறிய காரணம், 'நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள்' என்பதே. உழைத்து உழைத்து முதுகு வளைந்த நமக்காகவே சொன்னது போல் இல்லையா? அந்த நாளை ஆண்டவருக்கு வைப்பது நமக்கு இழப்பன்று. நாம் வெறும் வேலைக் கையல்ல, கடவுளின் பிள்ளைகள் என்பதை அது வாரந்தோறும் நினைவூட்டுகிறது. சில வாரங்களில் வேலை நெருக்கடியால் ஆலயம் போக முடியாவிட்டால், அன்று மாலையில் குடும்பமாக உட்கார்ந்து ஒரு ஜெபம் செய்யலாம். ஓய்வு நாள் மனிதனுக்காகவே உண்டானது என்று சொன்னவர் நம் நிலையை அறிவார்.

இனி, வீட்டில் நாம் எங்கே தொடங்கலாம் என்று பார்ப்போம்.

காலையில் அடுப்பைப் பற்ற வைக்குமுன், அல்லது வேலைக்குப் படியிறங்குமுன், ஒரு நிமிடம் நின்று ஆண்டவரை நினைப்போம். நீண்ட ஜெபம் வேண்டாம். "இந்த நாள் உம்முடையது" என்று சொன்னாலும் போதும்.

சம்பளம் கைக்கு வந்ததும், கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பங்கிடுவோம். ஆண்டவருக்கென்று சிறிது, அது இரண்டு வெள்ளியானாலும் சரி. பிறகு அரிசிக் கடைக்கு, பிள்ளைகளின் படிப்புக்கு, பெரியவர்களின் மருந்துக்கு. வரிசையை இருவரும் சேர்ந்து முடிவு செய்தால், நடுவில் வந்து பிடுங்கிக்கொள்ளும் செலவுகளுக்கு இடம் குறையும்.

அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியாக ஒரு டின்னில் போடுவோம். அதைப் பிள்ளைகளின் கையால் போடச் செய்வது இன்னும் நல்லது. ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குத் தாய் சொல்லும் பதில், பல பிரசங்கங்களைவிட ஆழமாகப் பதியும். மாத முடிவில் அந்த அரிசி யாருக்குப் போக வேண்டும் என்பதையும் பிள்ளைகளோடு பேசியே முடிவு செய்வோம். அவர் எந்த மதத்தவர், எந்த மொழிக்காரர் என்று பார்க்க வேண்டாம். கடல் கடந்து வந்து நம்மோடு தோட்டத்தில் உழைக்கும் வேற்று நாட்டுத் தொழிலாளியும் பசித்திருக்கலாம். நம் பாட்டன்மாரும் அப்படி வந்தவர்கள்தாம்.

பிறகு, யாரோடு பேச்சு நின்றிருக்கிறதோ அவர் வீட்டுப் படியை இந்த வாரத்தில் நாமே முதலில் மிதிப்போம். பிடி அரிசியைவிட இது கடினம் என்பது உண்மை. ஆயினும் அரிசி டின் நிறைந்தும் அந்தப் படி ஏறாமல் இருந்தால், நாம் பாதி வழிதான் வந்திருக்கிறோம்.

பெரிய காரியங்கள் செய்ய நமக்குப் பொருளில்லை, நேரமில்லை என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கப்படுவது ஒரு பிடிதான். ஆனால் அது உலையில் இடுமுன் எடுத்த பிடியாக இருக்கட்டும்.