பிறப்புக்குப் பின் அட்ரினல் சுரப்பி

சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி, குழந்தை பிறக்கும்போதே முழுமை பெற்றுவிடுவதில்லை. புறணியின் கருக்காலப் பகுதி விரைந்து சுருங்க, நரம்பணுக்களுக்கு உறவான அகணி உயிரணுக்கள் திரண்டு முதிர்கின்றன. புறணி சுரக்கும் கார்ட்டிசாலின் தூண்டுதலால் அவற்றுள் பல, நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் திறன் பெறுகின்றன.

முதிராது நின்றுவிடும் அணுக்கள் சில வேளைகளில் நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டியாகின்றன. ஆயினும் கைக்குழந்தைகளிடம் இக்கட்டிகளுள் சில தாமாகவே மறைந்துவிடுவதுண்டு. ஜப்பானின் திட்டம் இடறியது இங்கேதான். 1985 முதல் அங்கு நாடெங்கும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீர் சோதிக்கப்பட்டது; நோய் கண்டறியப்பட்டோர் தொகை பெருகிற்று. அத்தொகையையே வெற்றிக் கணக்காக எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களுக்கும் புதிதன்று. இத்தகைய சோதனை இறப்பைக் குறைக்கவில்லை என்பதைக் கியூபெக், ஜெர்மனி ஆய்வுகள் 2002இல் காட்டின. தாமே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகவும் குழந்தைகள் அறுவையையும் கடும் மருந்துகளையும் ஏற்க நேர்ந்தது. 2004இல் ஜப்பான் அச்சோதனையை நிறுத்தியது.